புதுக் கருவி முரண்டு பிடிக்கிறதா? ஆய்வகத்துக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஆய்வகத்துக்கு ஒரு கருவி புதிதாக வருகிறது. பொறியாளர் வந்து நிறுவி, ஓட்டிக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார். பெரும்பாலும் அதற்கு மறுநாள்தான் தொல்லை தொடங்கும். அவர் இருந்தபோது ஒழுங்காக ஓடியது. இப்போது எண் ஆடுகிறது, அழுத்தம் ஏறுகிறது, கணினி கருவியைக் கண்டுகொள்ள மறுக்கிறது. கருவியே பழுது, திருப்பி அனுப்பிவிடலாம் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். பழுதாகவே வந்து சேரும் கருவிகளும் உண்டுதான். ஆனால் தொடக்க வாரங்களில் எழும் புகார்களில் நிறைய, கருவி நிற்கும் மேசையிலோ, அதற்குப் போகும் மின்சாரத்திலோ, அதில் வைக்கும் மாதிரியிலோ, பழைய கருவியிலிருந்து அப்படியே கொண்டுவந்த செய்முறையிலோ போய் முடிகின்றன.

கீழே அறிகுறி வாரியாகக் கொடுத்திருக்கிறேன். உங்கள் சிக்கலுக்கு உரிய பகுதிக்கு நேராகப் போகலாம். அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## எதையும் தொடும் முன்

முதலில் பயணப் பூட்டுகளைப் பாருங்கள். வண்டியில் வரும்போது உள்ளே இருப்பவை ஆடாமல் இருக்க, பல கருவிகளில் திருகாணியோ நுரைக்கட்டையோ பிளாஸ்டிக் ஆப்போ வைத்து இறுக்கியிருப்பார்கள். பெரும்பாலும் சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். குலுக்கி கடகடவென்று சத்தம் போட்டாலோ, நுண்ணோக்கியின் மேடை நகர மறுத்தாலோ, காரணம் இதுவாக இருக்கலாம். எடுத்த பூட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். அடுத்த முறை கருவியை இடம் மாற்றும்போது தேவைப்படும்.

இரண்டாவது, சூடேறும் நேரம். தராசு, ஒளியளவி (மாதிரி எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளப்பது), எச்பிஎல்சியின் (கலவையைக் கரைப்பானோடு உயர் அழுத்தத்தில் ஓட்டிப் பிரிக்கும் கருவி) உணர்பகுதி எல்லாமே மின்சாரம் கொடுத்ததும் உடனே நிலைக்கு வந்துவிடாது. விளக்கு உள்ள கருவிக்கு அரை மணி நேரமாவது வேண்டும். நுண்ணிய தராசுக்குச் சில மணி நேரம்கூட ஆகும். காலையில் போட்டதும் எடுத்த அளவை வைத்துக்கொண்டு கருவியைக் குறை சொல்வது நியாயமில்லை.

மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கரைப்பானையும் வடிகட்டியையும் விளக்கையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டால் கருவி சரியாகிவிடலாம், ஆனால் எது காரணம் என்பது தெரியாமலே போய்விடும். அடுத்த மாதம் அதே தொல்லை திரும்பி வரும்போது மறுபடி மூன்றையும் மாற்ற வேண்டியதுதான்.

விடை முன்பே தெரிந்த மாதிரி ஒன்றை எப்போதும் கைவசம் வைத்திருங்கள். சான்றளிக்கப்பட்ட எடைக்கல், புதிதாகத் திறந்த பிஎச் தாங்கல் கரைசல் (பிஎச் எளிதில் மாறாத கரைசல்), ஒளியளவியின் அலைநீளத்தைச் சரிபார்க்கும் ஹோல்மியம் ஆக்சைடு வடிப்பான், செறிவு தெரிந்த கரைசல் என ஏதாவது ஒன்று. அது சரியான எண்ணைத் தந்தால் கருவியை விட்டுவிட்டு உங்கள் மாதிரியைச் சந்தேகப்படலாம். பாதிப் பிரச்சினைகள் இந்த ஒரு கேள்வியிலேயே இரண்டாகப் பிரிந்துவிடும்.

மூடியைக் கழற்றி உள்ளே பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். முத்திரை ஒட்டிய மூடியைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்பது ஒரு பக்கம். உயர் மின்னழுத்தம், புற ஊதா விளக்கு, சுழலும் பாகங்கள் உள்ளே இருக்கின்றன என்பது இன்னும் பெரிய பக்கம். பயனர் கையேடு திறக்கச் சொல்லும் இடத்தை மட்டும் திறங்கள்.

## தராசு: எண் நிற்காமல் ஓடுகிறது

0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசில் கடைசி இலக்கம் ஓடுவது மிகச் சாதாரணமான புகார். எண் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதுதான் இதில் துப்பு. ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பாருங்கள்.

ஒரே சீராக ஏறிக்கொண்டே போகிறதா? மாதிரி காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது; சோடியம் ஹைட்ராக்சைடு துகளை வைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அல்லது பாத்திரம் சூடாக இருக்கிறது. சூடான குடுவையைச் சுற்றியுள்ள காற்று மேலெழும்பும்போது தட்டையும் லேசாகத் தூக்கிவிடும். அதனால் எடை குறைவாகக் காட்டி, ஆற ஆற மெல்ல ஏறும். உலர்களனிலிருந்து எடுத்ததை ஈரமகற்றியில் வைத்து அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்த பிறகு நிறுங்கள். கையில் பிடித்துப் பார்த்தேன், சூடில்லை என்பது போதாது. விரலுக்குத் தெரியாத ஒன்றிரண்டு டிகிரி தராசுக்குத் தெரியும்.

சீராக இறங்கிக்கொண்டே போகிறதா? ஏதோ ஆவியாகிறது. எத்தனாலோ அசிட்டோனோ கலந்த மாதிரியை மூடியில்லாமல் வைத்தால் எண் நிற்கவே நிற்காது. நீருக்கும் இதே கதைதான், வேகம் மட்டும் குறைவு.

ஏறியும் இறங்கியும் தாவுகிறதா? காற்றும் அதிர்வும்தான் முதல் குற்றவாளிகள். குளிர்சாதனத்தின் காற்று நேராகத் தராசின் மேல் விழுகிறதா, கதவைத் திறந்து மூடும் நேரத்தோடு தாவல் ஒத்துப்போகிறதா, அதே மேசையில் சென்ட்ரிஃபியூஜோ (மையவிலக்குக் கருவி) சுழல்கலக்கியோ ஓடுகிறதா என்று பாருங்கள். தராசுக்கென்று கனமான கல்மேசை கேட்டு எழுதினால் அலுவலகத்தில் ஆடம்பரமாக நினைப்பார்கள். ஆனால் மெல்லிய மரமேசையில் வைத்த விலையுயர்ந்த தராசைவிட, கல்மேசையில் வைத்த சாதாரணத் தராசு நன்றாக வேலை செய்யும்.

ஒவ்வொரு முறை எடுத்து வைக்கும்போதும் வேறு வேறு எண் வருகிறதா? பெரும்பாலும் நிலைமின்சாரம். காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே போனால் பிளாஸ்டிக் எடைப் படகுகளும் உலர்ந்த தூள்களும் மின்னேற்றம் பெற்று, தட்டுக்கும் சுவருக்கும் இடையே இழுபறி நடத்தும். எளிய சோதனை ஒன்று உண்டு. அதே தூளை உலோகக் கிண்ணத்தில் வைத்து நிறுத்துப் பாருங்கள். எண் நின்றுவிட்டால் நிலைமின்சாரம்தான். அயனியாக்கி வாங்கலாம், உலோகக் கிண்ணத்தையே பழக்கமாக்கிக்கொள்ளலாம், அறை ஈரப்பதத்தை உயர்த்தலாம். செயற்கை இழைக் கோட்டும் ரப்பர் செருப்பும் அணிந்தவர் அருகில் வந்தாலே எண் தாவும் தராசுகளும் உண்டு. எண் தாவும்போது யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று பார்ப்பது கேலிக்குரிய காரியமல்ல.

மாதிரியோடு காந்தக் கலக்குத்துண்டும் இருந்தால் அதை வெளியே எடுத்துவிடுங்கள். காந்தமும் இரும்பும் வைக்கும் இடத்தைப் பொறுத்து எண்ணை மாற்றும்.

இவை எல்லாவற்றையும் ஒரே அடியில் பிரிக்கும் வழி இதுதான்: தட்டின் நடுவில் துருப்பிடிக்காத எஃகு எடைக்கல்லை, இடுக்கியால், வையுங்கள். அது ஆடாமல் நின்றால் குறை மாதிரியில். அதுவும் ஆடினால் குறை இடத்தில். எல்லாக் கதவுகளையும் மூடி, குளிர்சாதனத்தை நிறுத்தி, மேசையில் வேறு எதுவும் ஓடாமல் வைத்தும் ஆடினால்தான் தராசைச் சந்தேகப்படத் தொடங்கலாம்.

## தராசு: எண் நிற்கிறது, ஆனால் தவறாக இருக்கிறது

நீர்மட்டக் குமிழி வட்டத்துக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து, வந்த இடத்தில் அளவுத்திருத்தம் செய்தீர்களா? தராசு உணர்வது விசையை, காட்டுவது நிறையை. இடையில் இருப்பது புவியீர்ப்பு, அது எல்லா இடத்திலும் ஒன்றல்ல. நிலநடுக்கோட்டில் சுமார் 9.780, துருவத்தில் சுமார் 9.832 மீட்டர்/வினாடி². அரை விழுக்காடு வித்தியாசம். தொழிற்சாலையில் சரிசெய்த அளவோடு அப்படியே பயன்படுத்தினால், நூறு கிராமுக்குப் பத்திலொரு கிராம் கணக்கில் பிழை வர முழு வாய்ப்பு உண்டு.

இது நாடு விட்டு நாடு வருவதற்கு மட்டும் பொருந்துவதல்ல. தரைத்தளத்திலிருந்து மூன்றாம் மாடிக்கு, ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்துக்கு மாற்றினாலே, 200 கிராம் எடைக்கல் சுமார் 0.6 மில்லிகிராம் குறைவாகக் காட்டும். 0.1 மில்லிகிராம் தராசில் இது அப்பட்டமாகத் தெரியும். எனவே அறை மாற்றினால் அளவுத்திருத்தம். அதில் விவாதமே வேண்டாம். உள்ளேயே எடைக்கல் உள்ள தராசானால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

## பிஎச் மீட்டர்: அளவுத்திருத்தம் ஏற்க மறுக்கிறது

திரையில் வரும் பிழைச் செய்தியோடு மல்லுக்கட்ட வேண்டாம். மீட்டரை மில்லிவோல்ட் நிலைக்கு மாற்றுங்கள். உண்மை அங்கேதான் இருக்கிறது. 25 டிகிரி செல்சியஸில் ஒரு பிஎச் அலகுக்கு 59.16 மில்லிவோல்ட் என்பது கோட்பாட்டு அளவு. பிஎச் 7 தாங்கலில் 0 வர வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 7.00 தாங்கலில் 12 மில்லிவோல்ட்டும் 4.00 தாங்கலில் 184 மில்லிவோல்ட்டும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 172. வர வேண்டியது 177.5. வகுத்தால் சுமார் 97 விழுக்காடு. இதைத்தான் சாய்வு என்பார்கள். கரைசலில் முக்கும் இந்த மின்முனை நன்றாகத்தான் இருக்கிறது, பூச்சியம் மட்டும் லேசாக நகர்ந்திருக்கிறது. அதை அளவுத்திருத்தம் பார்த்துக்கொள்ளும். 7 தாங்கலில் 30 மில்லிவோல்ட்டுக்கு மேல் விலகினாலோ, சாய்வு 95 விழுக்காட்டுக்குக் கீழே போனாலோ மின்முனையைச் சுத்தம் செய்யுங்கள். 90-க்குக் கீழே போய், சுத்தம் செய்தும் ஏறவில்லை என்றால் மாற்றத்தான் வேண்டும்.

மாற்றுமுன் தாங்கல் கரைசலையும் ஒரு பார்வை பாருங்கள். பிஎச் 10 தாங்கல் காற்றிலுள்ள கார்பன் டையாக்சைடை உறிஞ்சிப் பிஎச் இறங்கிவிடும். என்றோ திறந்த புட்டியை வைத்து மின்முனையைக் குற்றம் சாட்டுவது வாடிக்கையாக நடக்கிறது.

எந்தக் கரைசலில் வைத்தாலும் 7.00 என்றே காட்டினால், கண்ணாடிக் குமிழில் விரிசல் அல்லது கம்பியில் குறுக்கிணைப்பு. எண் தறிகெட்டு அலைந்தால் இணைப்பு விட்டிருக்கிறது. மீட்டரா மின்முனையா என்று தெரிய, மின்முனையைக் கழற்றிவிட்டு, மீட்டரின் இணைப்பியில் நடு ஊசித் துளையையும் வெளி வளையத்தையும் வளைத்த காகிதக் கவ்வியால் இணையுங்கள். மீட்டர் 0 மில்லிவோல்ட்டுக்கு அருகே நின்றால் மீட்டர் நலம். மின்முனையை மாற்றுங்கள்.

புது மின்முனை மந்தமாக இருந்தால் மூன்று காரணங்கள் வழக்கம். ஒன்று, வரும் வழியில் காய்ந்துவிட்டது; 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஓரிரவு ஊற வையுங்கள். வாலைவடிநீரில் ஊற வைக்கவே கூடாது, உள்ளிருக்கும் அயனிகள் வெளியே கசிந்துவிடும். இரண்டு, குமிழுக்குள் காற்று மாட்டியிருக்கிறது. பழைய பாதரச வெப்பமானியை உதறுவதுபோல் மெதுவாக உதறினால் மேலே போய்விடும். மூன்று, கரைசல் நிரப்பும் துளையின் மூடியைத் திறக்க மறந்திருப்பீர்கள்.

தூய நீரின் பிஎச் நிலையாக நிற்கவில்லை என்று வரும் புகார் தனி ரகம். அயனி இல்லாத நீரில் மின்முனைக்குப் பிடிப்பே கிடையாது. காற்றுப் பட்ட தூய நீர் 5.6 பக்கம் இறங்குவதும் இயல்பு. அதேபோல, டிரிஸ் என்ற வேதிப்பொருளில் செய்த தாங்கலை 25 டிகிரியில் 8.0-க்குச் சரிசெய்து, 4 டிகிரி அறையில் கொண்டுபோய் அளந்தால் 8.6 அருகே காட்டும். மீட்டர் பொய் சொல்லவில்லை. டிரிஸின் பிஎச் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.028 மாறும், அவ்வளவுதான். மீட்டரின் வெப்பத் திருத்தம் மின்முனையின் சாய்வைத்தான் திருத்தும், கரைசலின் வேதியியலை அல்ல.

## மைக்ரோபிப்பெட்: சொட்டுகிறது, அளவு குறைகிறது

நீரை உறிஞ்சி, முனையைக் கீழ்நோக்கி நேராக 20 வினாடி பிடியுங்கள். துளி திரண்டால் கசிவு. முனை சரியாகப் பொருந்தாததே முதல் காரணம். வேறு நிறுவனத்து முனைகள் எல்லாப் பிப்பெட்டிலும் பொருந்தும் என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். அசிட்டோன் போன்ற கரைப்பான் மட்டும் சொட்டுகிறது, நீர் சொட்டவில்லை என்றால் அது கசிவல்ல, ஆவியழுத்தம். சில தடவை உறிஞ்சி விட்டு முனையை நனைத்த பின் எடுங்கள்.

அளவைச் சரிபார்க்கத் தராசு போதும். 20 டிகிரியில் 1000 மைக்ரோலிட்டர் நீர், காற்றின் மிதப்பையும் சேர்த்து, தராசில் சுமார் 997 மில்லிகிராம் காட்டும். 1000 வரவில்லையே என்று திருகைத் திருப்பிவிடாதீர்கள். 1000 மைக்ரோலிட்டர் பிப்பெட்டுக்கு ஐஎஸ்ஓ 8655 தரநிலை அனுமதிக்கும் முறைசார் பிழை (சராசரி அளவு ஒரே பக்கமாக விலகுவது) 8 மைக்ரோலிட்டர்.

## ஒளியளவி: உறிஞ்சல் அளவு நம்பும்படி இல்லை

புற ஊதாப் பகுதியில் மட்டும் இரைச்சலும் அதிக உறிஞ்சலும் வந்தால், மாதிரியை ஊற்றி வைக்கும் சிறு பாத்திரமான குவெட்டைப் பாருங்கள். சாதாரணக் கண்ணாடியும் பாலிஸ்டைரீனும் ஏறக்குறைய 340 நானோமீட்டருக்குக் கீழே ஒளியை விடாது. 260-ல் டிஎன்ஏ அளக்க குவார்ட்ஸ் அல்லது அதற்கென வரும் சிறப்புப் பிளாஸ்டிக் வேண்டும். அடுத்து கரைப்பான். அசிட்டோன் 330-க்குக் கீழே தானே ஒளியை விழுங்கிவிடும். அசிட்டோநைட்ரைல் 190 வரை தெளிவு. குவெட்டை அசிட்டோனால் கழுவிச் சரியாக உலர்த்தாமல் வைத்தாலும் இதே சிக்கல் வரும்.

குவெட்டும் கரைப்பானும் சரி, அப்படியும் புற ஊதாவில் மட்டும் இரைச்சல் என்றால், புற ஊதா ஒளி தரும் டியூட்டீரியம் விளக்குதான் காரணம். புதுக் கருவியில் இது தேய்ந்திருக்க வாய்ப்பில்லை. காட்சிக்கு வைத்திருந்த கருவியை அனுப்பியிருந்தால் மட்டும் விதிவிலக்கு. விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்தது என்று மென்பொருளில் பாருங்கள். முகம் சுளிக்க வைக்கும் எண்கள் அங்கே சில சமயம் கிடைக்கும்.

புதுக் கருவிக்கே உரிய இன்னொரு பிழை, ஒளிக்கற்றையின் உயரம். குவெட்டின் அடியிலிருந்து ஒளி போகும் உயரம் சில கருவிகளில் 8.5 மில்லிமீட்டர், சிலவற்றில் 15. பெரிய குவெட்டில் இது தெரியவே தெரியாது. நுண்குவெட்டில் மாதிரி இருக்கும் சாளரம் சிறியது. பழைய கருவிக்கு வாங்கிய 15 மில்லிமீட்டர் நுண்குவெட்டைப் புதிய 8.5 கருவியில் வைத்தால், ஒளி மாதிரிக்குள் போகாமல் கறுப்புச் சுவரில் மோதும். உறிஞ்சல் எக்கச்சக்கமாக ஏறி, ஒவ்வொரு முறையும் வேறு எண் வரும். அறையை இருட்டாக்கி, அலைநீளத்தை 550-ல் வைத்து, குவெட்டுக்குள் வெள்ளைக் காகிதத் துண்டைச் செருகினால் பச்சைப் புள்ளி எங்கே விழுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

செறிவு கூடக் கூட வரைகோடு வளைந்து படுத்துவிடுகிறதா? சிதறொளி. தேவையற்ற ஒளி 0.1 விழுக்காடு உள்ளே வந்தாலே, 3.0 இருக்க வேண்டிய உறிஞ்சல் 2.7 என்றுதான் காட்டும். மாதிரியைச் சரிபாதியாக நீர்த்துப் பாருங்கள். எண்ணும் பாதியானால் சரி. பாதிக்கு மேல் நின்றால், முதல் அளவு கருவியின் எல்லையைத் தாண்டியது. 1-க்குக் கீழே வரும்படி நீர்த்து அளப்பது எப்போதும் நல்லது; 3.5 வரை அளக்கும் என்று விளம்பரத்தில் இருப்பது உங்கள் மாதிரிக்கும் உங்கள் குவெட்டுக்கும் சேர்த்துச் சொன்னதல்ல.

அலைநீளமே நகர்ந்திருக்கிறதோ என்ற சந்தேகம் வந்தால் ஹோல்மியம் ஆக்சைடு கண்ணாடி வடிப்பானை வையுங்கள். 361, 536 பக்கம் கூர்மையான உச்சிகள் வர வேண்டும். டியூட்டீரியம் விளக்கின் 656.1 நானோமீட்டர் கோட்டை வைத்துத் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும் கருவிகளும் உண்டு.

## சென்ட்ரிஃபியூஜ்: நின்றுவிடுகிறது, அல்லது வீழ்படிவு வேறாக இருக்கிறது

சமநிலை இல்லை என்று சொல்லி நின்றால், எதிரெதிர்க் குழாய்களை எடை போட்டுச் சமமாக்குங்கள். கண்ணால் மட்டம் பார்ப்பது, அடர்த்தி வேறான இரண்டு கரைசல்களுக்கு உதவாது. ரோட்டாரின் (குழாய்களைத் தாங்கிச் சுழலும் பாகம்) திருகு இறுகியிருக்கிறதா, கருவி நான்கு காலிலும் சமமாக நிற்கிறதா என்பதும் முக்கியம். மின்சாரம் போய் மூடி திறக்காவிட்டால் அவசரத் திறப்பைப் பயன்படுத்தலாம், ரோட்டார் முழுதும் நின்ற பிறகு மட்டும். மேலே உள்ள சாளரம் வழியாகப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பழைய கருவியில் அழகாகப் படிந்தது, அதே சுற்று வேகத்தில் புதியதில் படியவில்லை என்றால் ரோட்டாரின் ஆரம் வேறு. வேகம் ஒன்றாக இருந்தாலும் விசை ஒன்றல்ல. ஈர்ப்பின் மடங்கு = 1.118 × 10⁻⁵ × ஆரம் (செ.மீ.) × சுற்று². நிமிடத்துக்கு 13,000 சுற்றில் 10 செ.மீ. ஆரம் சுமார் 18,900 மடங்கு தரும், 8 செ.மீ. ஆரம் 15,100 தான். செய்முறைக் குறிப்பேட்டில் சுற்று வேகத்தை அடித்துவிட்டு ஈர்ப்பு மடங்கை எழுதி வையுங்கள்.

## எச்பிஎல்சி: அழுத்தம் ஆடுகிறது அல்லது ஏறுகிறது

அழுத்தக் கோடு பம்பின் தாளத்தோடு ஏறி இறங்கினால், பம்பின் தலைக்குள் காற்றுக் குமிழ் இருக்கிறது அல்லது ஒருவழி வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளியேற்று வால்வைத் திறந்து, அதிக ஓட்டத்தில் கரைப்பானைச் சில நிமிடம் ஓடவிடுங்கள். போகவில்லையா? கரைப்பான் புட்டியில் மூழ்கியிருக்கும் உறிஞ்சு வடிகட்டியைப் பாருங்கள். அது அடைத்திருந்தால் பம்பு வெற்றிடத்தை இழுத்துக் குமிழைத் தானே உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அசிட்டோநைட்ரைலை மட்டும் நாள்கணக்கில் ஓட்டினால் வால்வுப் பந்து ஒட்டிக்கொள்ளும். கழற்றி ஐசோபுரொப்பனாலில் ஒலியலைக் குளியல் கொடுத்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

அழுத்தம் மெல்ல மெல்ல ஏறுகிறது என்றால் எங்கோ அடைப்பு. எங்கே என்று தெரிய, கடைசியிலிருந்து முன்னோக்கி வாருங்கள். முதலில் உணர்பகுதியின் நுழைவு இணைப்பைக் கழற்றுங்கள்; அழுத்தம் விழுந்தால் அடைப்பு உணர்பகுதியில். விழவில்லையா, கலவை பிரியும் இடமான பிரிகைக் குழாயின் வெளியீட்டைக் கழற்றுங்கள். பிறகு அதன் நுழைவை. பிறகு, அதற்கு முன்னால் அழுக்கைத் தடுக்கும் காப்புக் குழாயை. எந்த இணைப்பைக் கழற்றும்போது அழுத்தம் சட்டென்று விழுகிறதோ, அதற்கு அடுத்திருந்த பாகம்தான் ஆள். ஒவ்வொரு முறையும் பம்பை நிறுத்தி, அழுத்தம் இறங்கிய பிறகு கழற்றுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு.

பாஸ்பேட் தாங்கல் பயன்படுத்துவோர், அசிட்டோநைட்ரைல் 70 விழுக்காட்டைத் தாண்டும்போது உப்பு வீழ்படிவாகலாம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இரவு முழுக்கத் தாங்கலோடு நிறுத்திவைத்த கருவி காலையில் பம்பின் கசிவுத் தடுப்பு வளையத்தைச் சுற்றி வெள்ளைப் பொடியோடு வரவேற்கும். நிறுத்துமுன் முதலில் நீர் மிகுந்த கலவை, அப்புறம் கரைப்பான் மிகுந்த கலவை. வரிசை மாறக் கூடாது.

## எச்பிஎல்சி: உச்சிகள் வேறு நேரத்தில் வருகின்றன

பழைய கருவியில் பல ஆண்டு ஓடிய செய்முறை, புதியதில் ஓட்டினால் எல்லா உச்சியும் (ஒவ்வொரு பொருளும் வெளிவரும்போது திரையில் எழும் மேடு) முன்னால் வந்து நிற்கிறது. பிரிகைக் குழாய் அதே, கரைப்பான் அதே. இங்கேதான் பலர் வாரக்கணக்கில் அல்லாடுகிறார்கள்.

கரைப்பான் விகிதம் மாறிக்கொண்டே போகும் செய்முறையாக இருந்தால், காரணம் கலக்கும் இடத்திலிருந்து பிரிகைக் குழாய் வரை உள்ள கொள்ளளவு. பழைய கருவியில் அது 1 மில்லிலிட்டருக்கு மேல் இருக்கலாம், புதியதில் 0.4 மட்டுமே இருக்கலாம். நிமிடத்துக்கு 1 மில்லிலிட்டர் ஓட்டத்தில் அந்த 0.6 மில்லிலிட்டர் வித்தியாசம், மாற்றம் 0.6 நிமிடம் முன்னதாகவே குழாயை அடைகிறது என்று பொருள். விகிதம் மாறாத செய்முறையில் இந்தச் சிக்கல் எழாது. அதுவே நல்ல சோதனை.

அளந்தே பார்த்துவிடலாம். பிரிகைக் குழாயை எடுத்துவிட்டு நேரிணைப்பு போடுங்கள். ஒரு புட்டியில் நீர், மறுபுட்டியில் 0.1 விழுக்காடு அசிட்டோன் கலந்த நீர். மறுபுட்டியின் பங்கு 0-லிருந்து 100 விழுக்காட்டுக்குப் பத்து நிமிடத்தில் ஏறும்படி வைத்து, 265 நானோமீட்டரில் பாருங்கள். கோடு பாதி உயரத்தைத் தொடும் நேரத்திலிருந்து 5 நிமிடத்தைக் கழித்து, ஓட்ட வேகத்தால் பெருக்கினால் கொள்ளளவு கிடைக்கும். இரண்டு கருவிக்கும் அளந்து, புதியதில் அந்த வித்தியாசத்துக்கு ஏற்ற நேரம் தொடக்க விகிதத்திலேயே நிற்கும்படி ஒரு படியைச் சேர்த்துவிடுங்கள். ஒழுங்குமுறைக்கு உட்பட்ட ஆய்வகமானால் மாற்றத்தை ஆவணப்படுத்திவிட்டுச் செய்யுங்கள்.

நேரம் ஓட்டத்துக்கு ஓட்டம் நகர்ந்துகொண்டே போனால் கதை வேறு. குழாய் இன்னும் சமநிலைக்கு வரவில்லை. 150 × 4.6 மில்லிமீட்டர் குழாயில் கரைப்பான் நிற்கும் இடம் ஏறக்குறைய 1.5 மில்லிலிட்டர், அதைப்போல் பத்து மடங்காவது, அதாவது 15 மில்லிலிட்டர், ஓட வேண்டும். வெப்பமும் காரணமாகலாம். ஒரு டிகிரி மாறினால் நேரம் 1 முதல் 2 விழுக்காடு மாறும். வெப்பக்கூடு இல்லாமல் ஓட்டி, காலையில் ஒரு எண், மதியம் ஒரு எண் என்று வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

உச்சிகளின் உருவத்தையும் படிக்கலாம். முதலில் வரும் உச்சிகள் மட்டும் அகன்று, பின்னால் வருபவை ஒழுங்காக இருந்தால் இணைப்புகளில் வெற்று இடைவெளி; குழல் முழுதாக உள்ளே போகாமல் இறுக்கியிருக்கிறார்கள். எல்லாமே ஒரேபோல் பிளந்தால் பிரிகைக் குழாயின் தலைப்பகுதி. மாதிரியைக் கரைத்த கரைப்பான் ஓடும் கரைப்பானைவிட வலுவாக இருந்தாலும் முன்வரும் உச்சிகள் சிதையும். மாதிரியே செலுத்தாமல் ஓட்டியும் உச்சி வந்தால் நீரையும் கரைப்பானையும் சந்தேகப்படுங்கள். 18.2 மெகாஓம்-செ.மீ. தரத்தில் எடுத்த நீரும் புட்டியில் நின்றால் அந்தத் தரத்தில் இருக்காது. அன்றன்று பிடியுங்கள்.

## மைனஸ் 80 உறைபெட்டி: அலாரம் அடிக்கிறது, கதவு திறக்கவில்லை

கதவை மூடிய உடனே மறுபடி திறக்க முடியவில்லை என்றால் அது பழுதல்ல. உள்ளே போன சூடான காற்று சுருங்கி வெற்றிடம் இழுக்கிறது. சில நிமிடம் பொறுங்கள். கைப்பிடியைப் பிடித்துத் தொங்க வேண்டாம். நெடுநேரம் ஆகியும் திறக்காவிட்டால் அழுத்தச் சமனித் துளையில் பனி அடைத்திருக்கும். அலாரத்துக்கு, காற்று போக இடைவெளி விட்டிருக்கிறீர்களா, ஒரே நாளில் பெட்டி முழுக்க உறையாத மாதிரிகளை நிரப்பினீர்களா என்று பாருங்கள். உறைபெட்டி குளிரைக் காக்கத்தான், அத்தனையையும் ஒரே நேரத்தில் உறைய வைக்க அல்ல.

## கணினி கருவியைக் கண்டுகொள்ளவில்லை, அல்லது இரவில் ஓட்டம் நின்றுவிடுகிறது

முதல் வகையில், யூஎஸ்பி கம்பியை மென்பொருளுக்கு முன் செருகினீர்களா என்று யோசியுங்கள். பல கருவிகளில் இயக்கி நிரல் முதலில், கம்பி பிறகு. வலையமைப்புக் கம்பி வழி இணைந்த கருவியானால் இரண்டின் ஐபி முகவரியும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். தீச்சுவர் தடுக்கக் கூடாது.

இரண்டாவது வகைதான் எரிச்சலூட்டுவது. மாலையில் நாற்பது மாதிரி வரிசைப்படுத்திவிட்டுப் போகிறீர்கள். காலையில் நள்ளிரவோடு நின்றிருக்கிறது. கருவியின் பதிவேட்டில் தகவல் தொடர்பு அறுந்தது என்று மட்டும் இருக்கும். கணினி தூங்கிப்போயிருக்கிறது. திரையை அணைப்பது பிரச்சினையில்லை. கணினியைத் தூங்கவைப்பது, வன்தட்டை நிறுத்துவது, யூஎஸ்பிக்கும் வலையமைப்பு அட்டைக்கும் மின்சாரத்தைக் குறைப்பது ஆகிய மூன்றையும் தனித்தனியாக அணைக்க வேண்டும். கடைசி ஒன்று சாதன மேலாளருக்குள் ஒளிந்திருக்கும். தானியங்கிப் புதுப்பிப்பையும் வேலை நேரத்துக்கு வெளியே தள்ளிவையுங்கள், வேலை நேரம் என்பதில் உங்கள் இரவு ஓட்டத்தையும் சேர்த்து.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கருவி தானாக மறுதொடக்கம் ஆனால் மின்சாரம். அதே இணைப்பில் உறைபெட்டியோ காற்றழுத்தியோ இருக்கிறதா, அது கிளம்பும் நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்று கவனியுங்கள். நுண் கருவிகளுக்குத் தனி மின்சுற்றும் யூபிஎஸ்ஸும் வேண்டும். நடுக்கம்பிக்கும் நிலத்தொடர்புக்கும் இடையே உள்ள மின்னழுத்தத்தை மின்பணியாளரை அழைத்து அளக்கச் சொல்லுங்கள்.

## சேவைப் பொறியாளரை அழைக்கும்போது

வேலை செய்யவில்லை என்று மட்டும் சொன்னால், மறுமுனையில் இருப்பவர் நிறுத்தி மறுபடி போட்டுப் பார்த்தீர்களா என்றுதான் கேட்பார். கருவியின் வரிசை எண், உள்ளிருக்கும் நிரலின் பதிப்பு எண், பிழைக் குறியீடு எழுத்து பிசகாமல், எந்தச் செயலில் வந்தது, தெரிந்த மாதிரியில் என்ன எண் வந்தது, எதை எதை மாற்றிப் பார்த்தீர்கள், எதை மாற்றவில்லை. இவ்வளவையும் மின்னஞ்சலில் எழுதி, திரையின் படத்தையும் பதிவேட்டுக் கோப்பையும் இணைத்து அனுப்புங்கள். வரும் பொறியாளர் தேவையான பாகத்தையும் கையோடு கொண்டுவந்துவிடுவார். உத்தரவாதக் காலம் எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது, கருவி வந்து இறங்கிய நாளிலிருந்தா நிறுவிய நாளிலிருந்தா என்பதை அதே மின்னஞ்சலிலேயே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.